முதல் ரீஃப் தொட்டி: எந்தக் கோளாறுக்கு எந்தப் பொருளைச் சந்தேகிப்பது

வீட்டில் ரீஃப் தொட்டி, அதாவது பவளமும் மீனும் வாழும் கடல்நீர்த் தொட்டி, வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. எனக்குக் கடை எதுவும் கிடையாது. ஆனாலும் தெரிந்தவர் வீட்டில் தொட்டி கெட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத்தான் போன் வரும். போய்ப் பார்த்தால் அநேகமாக ஒரே கதை. கொளத்தூரில் தொட்டியும் நீல விளக்கும் வாங்கியாயிற்று, நீமோ மீன் ஜோடியும் வந்தாயிற்று. தண்ணீரைச் சுத்தப்படுத்தவும் குளிர வைக்கவும் வேண்டியதை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டிருப்பார்கள். அந்த அப்புறம் மே மாதத்தில் வந்து நிற்கும்.

இங்கே சொல்வதெல்லாம் சென்னை வீட்டில் இருக்கும் மூன்றடித் தொட்டிக்கு: 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், ஏறக்குறைய 190 லிட்டர், அடியில் ஒரு சம்ப் (தண்ணீர் இறங்கிச் சேரும் இரண்டாவது தொட்டி). இன்னும் எதுவும் வாங்காதவர்களும் படிக்கலாம். எது எப்படிக் கெடும் என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

தொடங்கும் முன் மூன்று கருவிகள் கையில் இருக்க வேண்டும்: டிஜிட்டல் தெர்மாமீட்டர், உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர். மூன்றும் சேர்ந்தாலும் ஒரு நல்ல விளக்கின் விலையில் சின்னப் பங்குதான். இவை இல்லாமல் தொட்டியைப் பார்த்து 'என்னமோ சரியில்லை' என்று சொல்வது காய்ச்சலைக் கண்ணால் பார்த்துச் சொல்வது போல.

## கையை விட்டால் சுர்ரென்கிறது

மற்றவற்றில் எளிதாகச் சோதிக்கக்கூடிய காரணத்தை முதலில் சொல்வேன். இந்த ஒன்றில் மட்டும் வரிசையை மாற்றி, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இது மீன் விஷயமில்லை, உங்கள் உயிர் விஷயம். கையை எடுங்கள். தொட்டிக்குப் போகும் மெயின் சுவிட்சை அணையுங்கள். எல்லா பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் மற்றது.

விரலில் காயம் இருக்கிறதா? கீறல் விழுந்த விரலில் உப்புத் தண்ணீர் பட்டாலும் சுருக்கென்றுதான் இருக்கும். பிளக்குகள் எல்லாம் வெளியே இருக்கும்போதும் எரிந்தால் காயம்தான். ஆனால் 'காயமாகத்தான் இருக்கும்' என்று நினைத்துக்கொண்டு மின்சாரத்தைப் போட்டுவிட்டு மறுபடி கையை விட்டுச் சோதிக்காதீர்கள்.

பிளக்கிலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் உப்புப் பூத்திருக்கிறதா? தரையில், தொட்டிக்கு நேர் கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் பக்கச் சுவரில், தொட்டியின் மட்டத்துக்கு மேலே அடியுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேற வேண்டும். வயரில் வழியும் சொட்டு அந்தத் தொங்கலிலேயே விழுந்துவிடும்.

வயர் வெடித்திருக்கிறதா? ஹீட்டர், பம்ப் எல்லாவற்றின் வயரையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசின் பூச்சு விரிந்த பம்பை ஒட்டுப்போட்டு உபயோகிக்கவே கூடாது.

வயரிங்கைத் தொட வேண்டிய வேலை எதுவானாலும் எலக்ட்ரீஷியன்தான். அவரிடம் இரண்டு கேளுங்கள்: எர்த் ஒழுங்காக இருக்கிறதா, தொட்டிக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச்) போட முடியுமா. முடிந்தால் இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒன்று டிரிப் ஆனாலும் இன்னொன்றில் வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) ஓடிக்கொண்டிருக்கும். வாங்க வேண்டிய பட்டியலில் இதைத்தான் முதலில் எழுதுவேன். எந்தக் கடையிலும் இதைச் சொல்லமாட்டார்கள்.

## தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டுகிறது

எனக்கு வரும் போனில் பாதி இதற்குத்தான். 25, 26 டிகிரி நல்லது. 28 வரை கவலைப்பட வேண்டாம். 30க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும்.

'நம்ம ஊர் கடலே சூடுதானே?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கடல் சூடேறியபோது பவளங்கள் வெளுத்தன. கடலுக்கே அந்த நிலை. மே மாதம் மூடிய அறையில் பம்புகளின் சூடும் சேர்ந்தால் தொட்டி 33ஐத் தொடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதா? கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் வகை அறையின் சூட்டையும் சேர்த்துத்தான் காட்டும். இன்னொரு தெர்மாமீட்டர் போட்டு ஒப்பிடுங்கள்.

ஹீட்டர் பிளக்கில் இருக்கிறதா? 'ஃபுல் செட்' என்று வாங்கியவர்களுக்கு அதோடு ஒரு ஹீட்டரும் வந்திருக்கும். அதன் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் வேண்டும். சென்னையில் இரவெல்லாம் ஏசி ஓடும் அறையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. பிடுங்கி வையுங்கள்.

மூடி, விளக்கு நேரம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். வலை அவசியம், மீன் குதிக்கும். விளக்கை மதியம் எரியவிடாமல் மாலை 4 முதல் இரவு 11 வரை என்று டைமரை மாற்றுங்கள். தொட்டிக்குள் கிடக்கும் பம்புகளின் வாட்ஸைக் கூட்டிப் பாருங்கள், அதில் பெரும்பங்கு தண்ணீரில்தான் சூடாக இறங்குகிறது. பழைய ஏசி (மாறுமின்) பம்ப் மூன்றை எடுத்துவிட்டு ஒரு டிசி (நேர்மின்) பம்ப் போட்டதில் ஒரு டிகிரிக்கு மேல் இறங்கிய தொட்டி உண்டு.

ஃபேன். நீர்மட்டத்தின் மேல் சாய்வாகக் காற்று ஓடும்படி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். மதுரை, கோவைப் பக்கம் இது நன்றாகவே வேலை செய்யும். சென்னையில் புழுக்கமான நாளில் அவ்வளவாக இறங்காது. ஃபேன் ஓடினால் தினம் 3 லிட்டராவது ஆவியாகும், ஆகவே ஃபேனோடு ஏடிஓவும் (ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீரைத் தானாக நிரப்பும் கருவி) வாங்கியாக வேண்டும். அது ஏன் என்பதை உப்புப் பகுதியில் சொல்கிறேன்.

சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் பெட்டி) இருக்கிறது, ஓடுகிறது, ஆனால் சூடு இறங்கவில்லை. போன வருடம் பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணே, சில்லர் போச்சு. மெக்கானிக் கம்ப்ரஸரை மாத்தணும்கிறாரு." போனேன். தொட்டியில் 31.4. ஸ்டாண்டின் கதவைத் திறந்ததும் இட்லிக் குண்டானைத் திறந்தது போல முகத்தில் ஆவி அடித்தது. அழகுக்காகச் சில்லரை ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறான். தான் கக்கிய சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே இழுத்து வைத்து, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பின்பக்க வலையில் படிந்திருந்த தூசியைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு 27.2 என்று படம் எடுத்து அனுப்பினான். கம்ப்ரஸர் இன்றுவரை அதேதான்.

ஆகவே முதலில் இடம், அடுத்தது தூசி, அதற்கடுத்து சில்லருக்குள் போகும் தண்ணீரின் ஓட்டம். பெட்டியில் எழுதியிருக்கும் எல்பிஎச்சுக்குள் (மணிக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு) ஓட்டம் இருக்க வேண்டும். இவை மூன்றும் சரியாக இருந்தும் இறங்கவில்லையென்றால் சில்லர் சின்னது. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு நம் ஊர் வெயிலுக்குப் போட்டதில்லை. வாங்கும்போதே அடுத்த அளவை வாங்குங்கள்.

சில்லர் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது. மாலையில் மட்டும் இப்படி நடந்தால் லோ வோல்டேஜ். நேரம் தாழ்த்தி மின்சாரம் தரும் ஸ்டெபிலைசர் போடுங்கள். அணைந்த கம்ப்ரஸரை மூன்று நிமிடமாவது விட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்: உள்ளே கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்கிறது, ஃபேனும் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரும் காற்றில் சூடே இல்லை. கேஸ் போயிருக்கலாம், கம்ப்ரஸரும் போயிருக்கலாம். நல்ல ஃபிரிட்ஜ் மெக்கானிக் பார்ப்பார். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: தண்ணீர் படும் பாகத்தில் டைட்டானியம் காயில் (சுருள் குழாய்) இருக்கிறது, அங்கே செம்புக் குழாய் எதையும் சேர்க்கக் கூடாது. பழைய வாட்டர் கூலரைச் சில்லராக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் இதே பதில்தான். செம்பு கரைந்தால் பவளம், இறால், நத்தை எதுவும் மிஞ்சாது.

மெக்கானிக் வரும்வரை பெட் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, மூடியை இறுக்கிச் சம்பில் மிதக்க விடுங்கள். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். கூடவே காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்று. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு.

## கல்லிலும் மணலிலும் பாசி

புதுத் தொட்டி, பழுப்புப் பொடி போல. முதல் இரண்டு மாதத்தில் வருவதுதான். விளக்கைக் குறைத்துவிட்டுச் சும்மா இருங்கள். இதற்கென்று மருந்து வாங்காதீர்கள்.

மூன்று மாதம் தாண்டியும் பச்சையாக, முடி போல வளர்கிறது. டிடிஎஸ் மீட்டரை எடுங்கள். தொட்டியில் விடப்போகும் நல்ல தண்ணீரில் 0 காட்ட வேண்டும், ஒன்று இருந்தாலும் பரவாயில்லை. கேன் தண்ணீர் குடிக்கத்தான். அதிலும் வீட்டு ஆர்ஓவிலும் பல பத்துகளில் காட்டும்.

வீட்டு ஆர்ஓவில் இரண்டு சிக்கல். ஒன்று, ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலக்கும் டிடிஎஸ் வால்வு அதற்குள் இருக்கும். இன்னொன்றுதான் ஆபத்து. இப்போது வரும் பல மாடல்களில் 'காப்பர்' என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். நமக்கு நல்லதோ என்னவோ, ரீஃப் தொட்டிக்கு அது விஷம். மீன் நன்றாக நீந்துகிறது, நத்தையும் இறாலும் மட்டும் வாங்கிய வாரத்திலேயே சாகின்றன என்றால் முதலில் ஆர்ஓ பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

மலிவான தீர்வு: ஆர்ஓவின் மெம்பிரேனிலிருந்து (வடிகட்டும் சவ்வு) நேராக வரும் குழாயில், வால்வுக்கும் கார்ட்ரிட்ஜுகளுக்கும் முன்னாலேயே, ஒரு T வடிவ இணைப்புப் போட்டுத் தண்ணீரை எடுத்து டிஐ ரெசின் (மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) வழியாக விடுங்கள். ரெசினுக்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு. பின்னால் 0 வரவில்லையென்றால் ரெசின் தீர்ந்தது. முன்னால் வருவதே குழாய்த் தண்ணீரின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் என்றால் மெம்பிரேன் போயிற்று, ஆர்ஓ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கூடவே நில்லுங்கள். நல்லது செய்வதாக நினைத்து, கிளம்பும்போது வால்வைத் திருகி 'எண்பதுல வெச்சிருக்கேன் சார், குடிக்க நல்லாருக்கும்' என்பார்.

தண்ணீர் 0, ஆனாலும் பாசி. உணவைப் பாதியாக்குங்கள். உறைந்த உணவை வடிகட்டியில் அலசிப் போடுங்கள். அடுத்து, தண்ணீரிலுள்ள கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரைப் பாருங்கள். கடைசியாகத்தான் கல்லைச் சந்தேகிக்க வேண்டும். எங்கோ பழைய தொட்டியில் கிடந்த கல்லை மலிவாக வாங்கியிருந்தால் அதிலிருந்து பாஸ்பேட் மாதக்கணக்கில் கசியும்.

## உப்பு அளவு நிலையாக இல்லை

35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அடர்த்திக் கணக்கில் 1.026 இருக்க வேண்டும்.

கருவி. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்கு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி திரவத்தால் சரிசெய்யுங்கள். நல்ல தண்ணீரால் பூஜ்யம் வைத்தால் 35 அருகே தவறலாம்.

தினமும் ஏறுகிறது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. 200 லிட்டரில் தினம் 3 லிட்டர் என்றால் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது 35 இருந்தது 39ஐத் தொட்டிருக்கும். ஏடிஓ வாங்குங்கள். இருந்தும் ஏறினால் மிதவையில் நத்தை உட்கார்ந்திருக்கிறதா, வாளி காலியா என்று பாருங்கள்.

இறங்குகிறது. ஏடிஓ நிற்காமல் ஓடியிருக்கும், அல்லது ஸ்கிம்மர் நிறைய உப்புத் தண்ணீரை வெளியே தள்ளியிருக்கும். ஏடிஓ வாளி 20 லிட்டருக்கு மேல் வேண்டாம். அது முழுதும் கொட்டினாலும் 35 இருப்பது 32 ஆகும், மீன் பிழைக்கும். 100 லிட்டர் டிரம்மை வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் எதுவும் இருக்காது. ஏறியதையோ இறங்கியதையோ ஒரே நாளில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நாளுக்கு ஒன்று போதும்.

கடல் தண்ணீர் எடுத்து வருபவர்கள்: மெரினாவில் வேண்டவே வேண்டாம், ஒரு பக்கம் கூவம், மறுபக்கம் அடையாறு. தெற்கே கோவளம் தாண்டி எடுத்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் மழை கலந்து உப்பு இறங்கியிருக்கும். ஒவ்வொரு கேனையும் அளக்காமல் ஊற்றாதீர்கள்.

## ஸ்கிம்மர் நுரைக்கவில்லை, அல்லது பொங்கி வழிகிறது

புதிய ஸ்கிம்மர் ஒன்றிரண்டு வாரம் சும்மா சுற்றும். விடுங்கள். பழையது நின்றுபோனால் காற்று இழுக்கும் குழாயின் முனையில் உப்பு அடைத்திருக்கும். வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் சரியாகிவிடும். சம்பில் அது நிற்கும் நீர்மட்டத்தையும் அளந்து பாருங்கள், பெட்டியில் சொன்ன உயரம் இல்லையென்றால் எந்த ஸ்கிம்மரும் ஒழுங்காக ஓடாது.

திடீரென்று பொங்கினால், தொட்டிக்குள் கடைசியாக என்ன போனது என்று யோசியுங்கள். மருந்து, கல் ஒட்டும் எபாக்ஸி, புது உப்பு, சோப்பு தேய்த்த கை. இரண்டு நாள், நுரை சேரும் கோப்பையை எடுத்துவிட்டு ஓடவிட்டால் அடங்கும். அடங்கவில்லையென்றால் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். இதற்கு மெக்கானிக் தேவையே இல்லை, பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் உடைந்தால் தனியாக வாங்கலாம்.

## கரண்ட் போனதும் தரையெல்லாம் தண்ணீர்

என் வீட்டில் நடந்தது. ராத்திரி இரண்டு மணி, கரண்ட் போய் ஃபேன் நின்றதால் விழித்தேன். கட்டிலிலிருந்து காலை இறக்கினால் சில்லென்று ஈரம். சம்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும் மேலிருந்த தண்ணீர் அதே குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கி, சம்ப் நிறைந்து வழிந்திருக்கிறது. மூன்றடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் நீர்மட்டம் என்றால் ஏறக்குறைய 4 லிட்டர். என் ரிட்டர்ன் குழாயின் வாய் 6 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சைஃபன் உடைக்கும் ஓட்டை அடைத்திருக்கிறதா? குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளைத்த சின்ன ஓட்டை அது. மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் காற்றுப் புகுந்து, தண்ணீர் தானாகக் கீழே இழுபடுவது (சைஃபன்) நின்றுவிடும். பாசி வந்தால் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திவிடுங்கள்.

குழாயின் வாயை மேலே ஏற்றுங்கள். நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே போதும்.

சம்பில் கோடு போடுங்கள். பகலில், பக்கத்தில் துணியோடு நின்று, ரிட்டர்ன் பம்பை அணையுங்கள். எவ்வளவு ஏறி நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்தை மார்க்கரால் குறியுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் நிரப்பவே கூடாது. நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், ஒரு நத்தைக் குஞ்சு உட்கார்ந்தால் போதும், அது மூடாது. இவ்வளவும் செய்து போதவில்லையென்றால் சம்பைப் பெரிதாக மாற்றுவதுதான் வழி.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் போதும், தானாக ஓடத் தொடங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டு இன்வர்ட்டரில் வேவ்மேக்கரை மட்டும் இணைக்கலாம். இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் பம்ப் கரகரவென்று இரைந்தால் பம்பில் கோளாறில்லை, அது ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர். சைன் வேவுக்கு மாறுங்கள், அல்லது டிசி பம்பாக வாங்குங்கள். எப்போதும் இரைந்தால் பம்பைக் கழற்றி, பாதி வினிகர் பாதி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள்.

## பவளம் வெளுக்கிறது, சுருங்குகிறது

விளக்கைத் திட்டும் முன் மேலே சொன்ன சூட்டையும் உப்பையும் பாருங்கள். அடுத்து ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் தண்ணீரின் திறன்), அதன் அளவான டிகேஎச்சில் 8, 9 என்று நிலையாக இருக்க வேண்டும். இவையெல்லாம் சரியென்றால், புது விளக்கு மாட்டிய வாரத்தில் வெளுத்தால் வெளிச்சம் அதிகம். பாதியாகக் குறைத்து, வாரம் பத்து சதவீதம் ஏற்றுங்கள். பழுப்பேறி நீண்டு வளர்ந்தால் குறைவு. ஓரத்தில் மட்டும் அப்படியென்றால் விளக்கு மூன்றடிக்குப் போதவில்லை, இரண்டாவது ஒன்று வேண்டும். முதல் வருடம் மென்பவளங்களோடு நின்றுகொண்டால் நடுத்தர விளக்கே போதும்.

இன்னொன்று. கல் பவளமும் கடல் விசிறியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. 'ராமேஸ்வரத்துலேர்ந்து நேத்துதான் வந்துச்சு' என்று மேசைக்கடியிலிருந்து எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். கல்லுக்கு, செயற்கையாகச் செய்த பீங்கான் கல் போதும்.

## கண்ணாடி ஓரத்தில் ஈரம்

பெரும்பாலும் உப்புப் பூத்து அதில் ஊறும் ஈரம்தான். துடைத்து, காயவிட்டு, மூலையில் டிஷ்யூ பேப்பர் ஒன்றைச் செருகி வையுங்கள். மேல் விளிம்பிலிருந்து நனைந்து இறங்கினால் தெறிக்கும் தண்ணீர், வேவ்மேக்கரின் திசையை மாற்றினால் தீரும். பேப்பர் கீழிருந்து நனைந்தால் கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் பசை விட்டுவிட்டது. மேலே இன்னொரு பூச்சுப் பூசிச் சமாளிக்க முடியாது. தொட்டி கட்டியவரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை தண்ணீரைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். ஸ்டாண்ட் மட்டமாக இருக்கிறதா என்று நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கோணலான ஸ்டாண்டில் வைத்தால் புதுத் தொட்டியும் ஆறு மாதத்தில் இதே மூலையில் விடும். இறக்கிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். உணவுக்குப் பயன்படும் நீல டிரம் ஒன்றில் பிடித்து, ஒரு ஏர் ஸ்டோனும் பழைய வேவ்மேக்கரும் போட்டால் மீனும் கல்லும் ஒரு வாரம் அதிலேயே இருக்கும்.